இருபது கிலோபைட்டுக்குள் ஒரு படம்: பழைய வீட்டுக் கணினிகளில் மோடு மாறும்போது நடப்பது என்ன?

ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா பையனுக்குப் பழைய கணினிகள் மேல் திடீரென்று ஆசை வந்திருக்கிறது. 1981-ல் இங்கிலாந்தில் வெளிவந்த பிபிசி மைக்ரோவை இப்போது பிரவுசருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க முடிகிறது. அதில் பேசிக் என்ற எளிய கணினி மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான். போன வாரம் போனில் பிடித்துக்கொண்டான்.

“மாமா, மோடு 7-ல நல்லா ஓடுற புரோகிராம், நடுவுல மோடு 1-னு ஒரு வரி சேர்த்ததும் ‘பேட் மோட்’னு சொல்லி நின்னுடுது. மோடுன்னா ஸ்கிரீன் சைஸ்தானே? அதுக்கும் என் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. இன்றைய லேப்டாப்பில் திரை அளவை மாற்றினால் ஒரு நொடி கருப்பாகிவிட்டுத் திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அந்தக் காலத்து வீட்டுக் கணினியில் மோடு மாற்றுவது என்றால், இருக்கிற கொஞ்ச நினைவகத்தையும் அதைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தையும் படத்துக்கும் புரோகிராமுக்கும் இடையே மறுபடி பங்கு போடுவது. அன்றைய கணினிகளில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்கள் இந்தப் பங்கீட்டிலிருந்துதான் வருகின்றன.

நான் தர்மபுரியில் டிவி ரிப்பேரில் ஆரம்பித்து மானிட்டர் சர்வீஸுக்கு வந்தவன். எனக்கு இதை டிவி பக்கமிருந்து பார்க்கத்தான் வரும்.

அன்றைய நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடியது. படக்குழாயின் கதிர் நொடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே இறங்கும். இடமிருந்து வலமாக ஒரு லைன் போட்டுத் திரும்ப அதற்கு 64 மைக்ரோசெகண்டு, அதாவது நொடிக்கு 15,625 லைன். கதிரை நகர்த்தும் எல்ஓடி, யோக் என்ற பாகங்கள் எல்லாம் இந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஒரு மோடு எண்ணைத் தட்டி இதை யாரும் மாற்ற முடியாது. ஆகவே வீட்டுக் கணினியில் மோடு 0 போட்டாலும் மோடு 5 போட்டாலும் டிவிக்கு எதுவும் தெரியாது, அது தன்பாட்டுக்கு அதே வேகத்தில் லைன் போட்டுக்கொண்டிருக்கும். அந்த 64 மைக்ரோசெகண்டுக்குள் கணினி எத்தனை புள்ளிகளை, எத்தனை நிறத்தில் அனுப்புகிறது என்பது மட்டுமே மாறும்.

64-ல் ஒரு பகுதி கதிர் திரும்புவதற்கும் ஓர இடத்துக்கும் போய்விடும். பிபிசி மைக்ரோ படத்துக்கு எடுத்துக்கொண்டது 40 மைக்ரோசெகண்டு. அதற்குள் 640 புள்ளி அனுப்ப வேண்டுமென்றால் ஒரு மைக்ரோசெகண்டுக்கு 16 புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகள் கருப்பு, வெள்ளை, கருப்பு என்று மாறினால் அது 8 மெகாஹெர்ட்ஸ் அலை. ஆன்டெனா வழியாகப் படம் எடுக்கும் டிவிக்குச் சுமார் 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கண் தெரியாது. அதனால்தான் 80 எழுத்து வரி சாதாரண டிவியில் கலங்கிப்போய்த் தெரிந்தது. பாதியாக 320 புள்ளி என்றால் 4 மெகாஹெர்ட்ஸ், டிவி தாங்கும். அன்றைய வீட்டுக் கணினிகளில் பலவும் வரிக்கு 40 எழுத்து என்ற அளவில் நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 80 எழுத்து வேண்டுமென்றால் தனி மானிட்டர் வாங்கு என்றார்கள்.

சரி, இப்போது நினைவகக் கணக்குக்கு வருவோம். பிபிசி மைக்ரோ மாடல் பி-யில் மொத்தம் 32 கிலோபைட் ரேம். எட்டு மோடுகள், 0 முதல் 7 வரை. மோடு 0-ல் 640-க்கு 256 புள்ளி, இரண்டு நிறம். மோடு 1-ல் 320-க்கு 256, நான்கு நிறம். மோடு 2-ல் 160-க்கு 256, பதினாறு நிறம் (அதில் எட்டு மினுக்கும் நிறங்கள், அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்). இரண்டு நிறத்துக்குப் புள்ளிக்கு ஒரு பிட், நான்குக்கு இரண்டு, பதினாறுக்கு நான்கு. பெருக்கிப் பாருங்கள்: மூன்றிலும் 1,63,840 பிட், அதாவது 20,480 பைட்தான் வரும். அதே இருபது கிலோபைட்டைக் கூர்மையாக வெட்டுவதா, வண்ணமாக வெட்டுவதா என்பதுதான் மூன்று மோடுக்கும் உள்ள வித்தியாசம். மோடு 4, 5 இரண்டும் இதில் பாதி, 10 கிலோபைட். 3-ம் 6-ம் எழுத்துக்கு மட்டும். எழுத்து வரிகளுக்கு நடுவே இரண்டு லைனைக் கருப்பாக விட்டு இடத்தை மிச்சம் பிடித்தார்கள்.

மோடு 7 தனி ஜாதி. டிவியில் செய்தி காட்டும் டெலிடெக்ஸ்ட் சேவைக்காகச் செய்த எஸ்ஏஏ5050 என்ற சிப்பை உள்ளே வைத்திருந்தார்கள். எழுத்தின் வடிவம் அந்தச் சிப்புக்குள்ளேயே இருப்பதால் கணினி எழுத்தின் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். 40 எழுத்து, 25 வரி, மொத்தம் 1,000 பைட். ஒரே ஒரு கிலோபைட்டில் எட்டு நிறத்தோடு திரை முழுக்க எழுத்து! மெஷினை ஆன் செய்தவுடன் இந்த மோடுதான் வரும். அந்தக் கணினியிலேயே எனக்குப் பிடித்த மோடும் இதுதான்.

அக்கா பையனுடைய கேள்விக்கு விடை இந்த ஒன்றுக்கும் இருபதுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பிபிசியில் திரைக்கான இடம் ரேமின் மேல் முனையிலிருந்து எடுக்கப்படும். மோடு 7-ல் திரை 31,744-ம் இடத்தில் தொடங்கும். மோடு 0, 1, 2-ல் அது 12,288-க்கு இறங்கிவிடும். டிஸ்க் வசதி பொருத்திய மெஷினில் பேசிக் புரோகிராம் 6,400-ல் தொடங்கும். ஆக மோடு 7-ல் புரோகிராமுக்கும் அதன் மாறிகளுக்கும் 25,344 பைட் கிடைக்கும். மோடு 1-ல் மிஞ்சுவது வெறும் 5,888. புரோகிராம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் இடமே இல்லை, ‘பேட் மோட்’. கேசட் டேப் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம். அவர்களுக்குப் புரோகிராம் 3,584-லேயே தொடங்கிவிடும், மோடு 1-லும் 8,704 பைட் கிடைக்கும். டிஸ்க் வாங்கியவருடைய புரோகிராம் ஓடாமல், டேப் வைத்திருந்தவருடையது ஓடிய வேடிக்கையும் உண்டு.

ஆனால் அவனுடைய புரோகிராம் நாற்பது வரிதான். “அந்த மோடு 1-ஐ எங்கடா போட்டிருக்க?” என்றேன். ஒரு புரொசீஜருக்குள், அதாவது பெயர் வைத்துத் தனியாகப் பிரித்த துணைப் பகுதிக்குள் போட்டிருந்தான். அங்கேதான் வினை. பிபிசி பேசிக் ஒரு புரொசீஜருக்குள் நுழையும்போது, திரும்பி வர வேண்டிய இடத்தையும் உள்மாறிகளின் பழைய மதிப்புகளையும் திரைக்கு நேர் கீழே ஒரு அடுக்காக வைக்கும். மோடு மாறினால் திரை கீழே இறங்கி அந்த அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிடும், திரும்பி வர வழி தெரியாது. அதனால் புரொசீஜருக்குள் இருக்கும்போது மோடு மாற்றவே விடமாட்டேன் என்று பேசிக் மறுத்துவிடுகிறது. வரியைப் புரோகிராமின் தலைப்பகுதிக்குக் கொண்டுபோகச் சொன்னேன், ஓடியது. விடியூ 22 என்று நேராகத் திரைக் கட்டளை கொடுத்தால் இந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம். ஆனால் அப்போது பேசிக்குக்குத் திரை இறங்கிய செய்தியே போகாது. மாறிகள் எல்லாம் திரையில் கலர்ப் புள்ளிகளாகத் தெரியும், புள்ளிகள் எல்லாம் மாறிகளாகிவிடும்.

இந்தக் கணினி நமக்கு அந்நியமும் இல்லை. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் வாங்கிக் கொடுத்தது பிபிசி மைக்ரோவைத்தான். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே அதைத் தயாரித்தது.

நினைவகத்தை அளந்து கொடுப்பது பாதிக் கதைதான். அதை யார், எப்போது படிப்பது என்பது மீதி. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் கூட்டுக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கிணறு ஒன்று, பங்காளி இரண்டு பேர், முறை வைத்துத்தான் தண்ணீர் இறைக்க முடியும். இங்கே கிணறு என்பது ரேம். ஒரு பங்காளி புரோகிராமை ஓட்டும் பிராசசர். இன்னொருவர், டிவிக்கு விடாமல் புள்ளி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டிய வீடியோ சிப். பிராசசர் கொஞ்சம் காத்திருந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். வீடியோ சிப் காத்திருக்கவே முடியாது, கதிர் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பிபிசி மைக்ரோவில் முறை கச்சிதம். பிராசசரின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், ரேம் 4 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். ஒரு முறை பிராசசருக்கு, அடுத்த முறை படத்துக்கு. சண்டையே கிடையாது. படத்துக்கு மைக்ரோசெகண்டுக்கு இரண்டு பைட், 40 மைக்ரோசெகண்டில் 80 பைட், 256 லைனுக்கு 20,480 பைட். முன்பு பார்த்த அதே இருபது கிலோபைட்! அதாவது மோடு 0, 1, 2 மூன்றும் படத்தின் முறையில் ஒன்றைக்கூட விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் மோடுகள். அதற்கு மேல் படம் பெரிதாக வேண்டுமென்றால் வேகமான ரேம் வேண்டும், அது அன்றைக்கு எட்டாத விலை.

சின்கிளேர் ஸ்பெக்ட்ரமில் (1982) வேறு ஏற்பாடு. அதில் மோடே ஒன்றுதான், 256-க்கு 192. புள்ளிகளுக்கு 6,144 பைட். எட்டுக்கு எட்டு கட்டத்துக்கு இரண்டு நிறம் என்று நிறத்துக்கு 768 பைட். மொத்தம் 6,912. படத்தின் முறை வந்தால் பிராசசரின் கிளாக்கையே நிறுத்திவிடும். கீழ் 16 கிலோபைட் ரேமில் இருக்கும் புரோகிராம் அதனால் தடங்கித் தடங்கி ஓடும். கமடோர் 64-ல் சாதாரணமாக முறைப்படி நடக்கும். ஆனால் ஒவ்வொரு எட்டாவது லைனிலும் அடுத்த வரிக்கான 40 எழுத்தின் எண்களைப் படிக்க வேண்டியிருப்பதால் வீடியோ சிப் பிராசசரின் முறையிலும் கைவைத்துவிடும். லைனுக்கு இருக்கும் 63 கிளாக்கில் நாற்பதுக்கு மேல் போய்விடும். டேப்பிலிருந்து புரோகிராம் ஏற்றும்போது கமடோரின் திரை வெறுமையாகிவிடுவது இதனால்தான். டேப்பின் துடிப்புகளைத் துல்லியமாக அளக்க வேண்டிய நேரத்தில் முறை தவறக் கூடாது என்று படத்தையே நிறுத்திவைத்தார்கள்.

இதில் எல்லாவற்றையும்விட ஏழ்மையான கதை 1981-ல் வந்த இசட்எக்ஸ் 81. ஒரு கிலோபைட் ரேம், தனி வீடியோ சிப் கிடையாது, டிவிக்குப் புள்ளி அனுப்பும் வேலையையும் பிராசசரே பார்க்கும். அதில் இருந்த இரண்டு கட்டளைகளின் பெயரே ஃபாஸ்ட், ஸ்லோ. ஃபாஸ்ட் என்றால் கணக்கு முடியும்வரை படம் இருக்காது. ஸ்லோ என்றால் படம் இருக்கும், கணக்கு சுமார் கால் பங்கு வேகத்தில் நகரும். மோடு என்பது என்ன மாதிரியான பேரம் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கட்டளைகளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஐபிஎம் பிசியில் படம் காட்டும் சிஜிஏ என்ற அட்டையில் (அதுவும் 1981) நியாயம் தலைகீழ். அதில் பிராசசர் தன் முறை பார்க்காமல் இறங்கும், படம்தான் நஷ்டப்படும். 80 எழுத்து மோடில் புரோகிராம் திரை நினைவகத்தில் எதையாவது எழுதும்போதெல்லாம் திரை முழுக்க வெள்ளைப் பொறி பறக்கும். ஆங்கிலத்தில் அதைப் பனி என்றே கூப்பிட்டார்கள். அதை மறைக்க, எழுத்து மேலே நகரும் நேரத்தில் பயாஸ் (பிசிக்குள் நிரந்தரமாக இருக்கும் அடிப்படை மென்பொருள்) படத்தை அணைத்து ஏற்றும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மினுக்கல்.

இனி, மோடு மாற்றும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பிபிசி மைக்ரோ, 1984-ல் வந்த ஆம்ஸ்ட்ராட் சிபிசி, ஐபிஎம்மின் சிஜிஏ, பிசிக்கான ஹெர்குலிஸ் அட்டை எல்லாவற்றிலும் உள்ளே இருந்தது ஒரே வகைச் சிப், 6845. லைனுக்கு எத்தனை எழுத்து, மொத்தம் எத்தனை வரி, டிவிக்குத் தாளம் சொல்லும் சிங்க் எங்கே வர வேண்டும், ஒரு எழுத்துக்கு எத்தனை லைன் உயரம் என்று சில ரிஜிஸ்டர்கள் (சிப்புக்குள் எண் எழுதி வைக்கும் சிறு இடங்கள்) இருக்கும். மோடு எண் என்பது இந்த ரிஜிஸ்டர்களுக்குப் போக வேண்டிய எண்களின் அட்டவணையில் ஒரு வரிசை. மோடு 4 என்றால் நான்காவது வரிசையை எடுத்து எழுது, திரை இடத்தைத் துடை, முடிந்தது.

துடைப்பது ஏன்? முந்தின மோடில் ‘அ’வாக இருந்த பைட்டுகள் புது மோடில் ஏதோ நிறப் புள்ளிகளாகத்தான் தெரியும், பார்க்கச் சகிக்காது. வேண்டுமென்றால் துடைக்காமலும் விடலாம். அடாரியின் பேசிக்கில் கிராபிக்ஸ் எண்ணோடு 32 கூட்டினால் பழைய படம் அப்படியே நிற்கும். பிசியில் இஜிஏ என்ற அடுத்த தலைமுறை அட்டை வந்த பிறகு மோடு எண்ணோடு 128 கூட்டினால் அதே வேலை நடக்கும்.

6845 எழுத்துக்காகச் செய்யப்பட்ட சிப். அதன் வரி எண்ணும் ரிஜிஸ்டர் ஏழு பிட்தான், 128-ஐத் தாண்டி எண்ணத் தெரியாது. சிஜிஏவில் 200 லைன் வேண்டும், என்ன செய்வது? இரண்டு லைன் உயரமுள்ள 100 வரி என்று அதை ஏமாற்றினார்கள். அதனால் சிஜிஏ படத்தில் இரட்டைப்படை லைன்கள் நினைவகத்தில் ஓரிடத்திலும், ஒற்றைப்படை லைன்கள் 8 கிலோபைட் தள்ளியும் கிடக்கும். பிபிசியில் எட்டு லைன் உயரமுள்ள 32 வரி. ஆகவே பைட்டுகள் எட்டெட்டாகக் கீழ்நோக்கி இறங்கி, பிறகுதான் வலப்பக்கம் நகரும். பழைய கேம்களில் படம் திரையில் வரிவரியாகத் தாவித் தாவி நிரம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒழுங்கீனத்துக்குப் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு சிப் சிக்கனம் காரணமாக இருக்கும்.

ரிஜிஸ்டர்தானே, எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. இயன் பெல்லும் டேவிட் பிரேபனும் எழுதி 1984-ல் பிபிசி மைக்ரோவுக்கு வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டில் மேல்பகுதி கூர்மையான இரண்டு நிற மோடு, கீழே கருவிப் பலகை நான்கு நிற மோடு. திரை ஒன்று, மோடு இரண்டு. கதிர் பாதித் திரைக்கு இறங்கும் நேரத்தை டைமர் வைத்து அளந்து, சரியாக அந்த இடத்தில் மோடை மாற்றி, மறுபடி மேலே போனதும் பழையதை எழுதுவார்கள். நொடிக்கு 50 தடவை. இரண்டுமே 10 கிலோபைட் வகை மோடுகள் என்பதால் நினைவகம் ஒத்துப்போனது, மீதி இடத்தில் ஒரு பிரபஞ்சத்தையே அடைத்தார்கள். அடாரி 400, 800 கணினிகளில் (1979) இதற்குக் குறுக்குவழியே தேவையில்லை. எந்த வரிக்கு எந்த மோடு என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் அதன் ஆன்டிக் சிப் படித்து நடத்திவிடும். கமடோர் 64-ல் பேசிக் எந்த உதவியும் செய்யாது. 53265-ம் இடத்தில் 32-க்கான பிட்டைப் போக் என்ற கட்டளையால் நேராக எழுதி நாமே படமோடுக்குப் போக வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டத்தில்தான் வீடியோ சிப்பின் ஒவ்வொரு பிட்டையும் அதன் சொந்தக்காரர்கள் மனப்பாடம் செய்தார்கள்.

நம் எழுத்து இதில் எங்கே வருகிறது? மோடு 7 எவ்வளவு சிக்கனமானாலும் அதன் எழுத்து சிப்புக்குள் பூட்டியது, தமிழுக்கு வழியில்லை. படமோடுகளில் வழி உண்டு. பிபிசியில் விடியூ 23, 224 என்று தொடங்கி 64, 64, 64, 64, 64, 64, 126, 0 என்று எட்டு எண் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு லைன். 64 என்றால் இடப்பக்கம் ஒரு புள்ளி, 126 என்றால் ஆறு புள்ளிக் கோடு. 224-ம் எழுத்து ‘ட’ ஆகிவிடும். 64-க்குப் பதில் 66 என்றால் ‘ப’. இந்த இரண்டும் எட்டுக்கு எட்டில் அழகாக உட்காரும். ‘ண’ உட்காராது, ‘ஞ’ பக்கமே போக வேண்டாம். அவற்றுக்கு இரண்டு கட்டம் ஒதுக்க வேண்டும்; அப்போது 40 எழுத்து வரி இன்னும் சுருங்கும். கூர்மை வேண்டுமென்று மோடு 0-க்குப் போனால் இருபது கிலோபைட் போகும், டிவியிலும் தெளியாது. சுற்றிச் சுற்றி அதே பேரம்.

ஹெர்குலிஸ் அட்டை பிறந்ததே இப்படி ஒரு மொழிச் சிக்கலில்தான். வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தன் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத ஐபிஎம்மின் எழுத்து அட்டை உதவாததால், 1982-ல் தானே ஒரு அட்டை செய்தார். 720-க்கு 348 புள்ளி, ஒரே நிறம், 64 கிலோபைட் நினைவகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறியபோது வந்திறங்கிய பிசிக்களில் நிறைய இந்த வகை அட்டைதான். பச்சை அல்லது ஆம்பர் மானிட்டர். விலை குறைவு, எழுத்து கண்ணுக்கு இதம்.

மற்ற அட்டைகளில் பயாஸை இன்டரப்ட் என்ற அழைப்பு மூலம் கூப்பிட்டு மோடு எண்ணைச் சொன்னால் அது மாற்றிக் கொடுக்கும். ஹெர்குலிஸின் படமோடு பயாஸுக்குத் தெரியாது. புரோகிராமே அனுமதிப் பிட்டைத் திறந்து, படத்தை அணைத்து, 6845-க்கு 12 எண்களைத் தானே எழுதி, நினைவகத்தைத் துடைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அந்த 12 எண்களில் ஒரு நேர்த்தி இருக்கிறது. எழுத்து மோடில் 14 லைன் உயரத்தில் மொத்தம் 26 வரி, கூட 6 லைன்: 370. படமோடில் 4 லைன் உயரத்தில் மொத்தம் 92 வரி, கூட 2 லைன்: அதுவும் 370. இரண்டு மோடிலும் மானிட்டருக்குப் போகும் லைன் எண்ணிக்கை ஒன்றே. மானிட்டர் ஓடுவது சுமார் 18.4 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில். அதைக் கலைக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கணக்குத் தவறிய எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் அன்றைக்கு எச்சரிக்கை இருந்தது. ஐபிஎம்மின் ஆரம்பகால ஒற்றை நிற மானிட்டரில் லைன் பகுதி, கார்டு கொடுக்கும் சிங்க்கை நம்பியே ஓடும். தப்பான வேகம் போனால் எரிந்தே போகலாம். ஒரு புரோகிராம் ஹார்டுவேரைக் கொளுத்தும் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

படமோடில் இருக்கும்போது புரோகிராம் செத்துவிட்டால் இன்னொரு கூத்து. அன்றைய பிசியின் இயங்குதளமான டாஸ் உயிரோடுதான் இருக்கும், ஆனால் அது எழுதும் எழுத்தெல்லாம் திரையில் வெறும் புள்ளிச் சிதறலாக விழும். கண்ணை மூடிக்கொண்டு ‘மோட் மோனோ’ என்று தட்டி என்டர் அடித்தால் எழுத்து மோடு திரும்பிவிடும். தெரியாதவர்கள் சுவிட்சை அணைத்துப் போடுவார்கள்.

பிறகு 1984-ல் இஜிஏவும் 1987-ல் விஜிஏவும் வந்தன. எழுத்து வடிவத்தையே புரோகிராம் மாற்றி ஏற்றலாம் என்ற வசதி அவற்றோடு வந்தது. வீட்டுக் கணினியில் அசையாமல் இருந்த லைன் வேகமும் அட்டைக்கு அட்டை வேறாகிவிட்டது: இஜிஏவின் 350 லைனுக்கு 21.8 கிலோஹெர்ட்ஸ், விஜிஏவுக்கு 31.5. பல வேகம் தாங்கும் மானிட்டர்கள் வந்து, மோடு மாறும்போது உள்ளே ரிலே ‘டக்’கென்று அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இல்லாமல் படம் மாறினால்தான் சர்வீஸ் ஆளுக்குச் சந்தேகம் வரும்.

பங்கீடு அப்போதும் விடவில்லை. பிசியில் படத்துக்கென்று ஒதுக்கிய சன்னல் 64 கிலோபைட். 320-க்கு 200 புள்ளி, 256 நிறம் என்றால் 64,000 பைட், உள்ளே அடங்கும். கேம் எழுதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம். 640-க்கு 480, பதினாறு நிறம் என்றால் 1,53,600 பைட், அடங்காது. அதனால் நான்கு அடுக்காகப் பிரித்து ஒரே சன்னலுக்குப் பின்னால் வைத்தார்கள். டர்போ சி என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளில், படமோடைத் தொடங்கும் ‘இனிட்கிராஃப்’ போட்டு வட்டம் வரைந்த எல்லோரும் போனது இந்த மோடுக்குத்தான். பர்கூரானாலும் சேலமானாலும் பொறியியல் லேபில் அந்த வரியை எழுதாமல் பாஸான ஆள் குறைவு. இறுதியில், ஒரு விசை அழுத்தும்வரை காத்திருக்கும் ‘கெட்ச்’ போட மறந்தால் வட்டம் மின்னி மறைந்துவிடும். ‘குளோஸ்கிராஃப்’ எழுத்து மோடுக்குத் திரும்பும்போது திரை நினைவகம் துடைக்கப்படுகிறது என்பதுதான் விஷயம்.

ரிஜிஸ்டரை யார் தொடுவது என்ற உரிமை மட்டும் மெதுவாகக் கை மாறிக்கொண்டே வந்தது. கமடோரில் அது நம்மிடம் இருந்தது, பிபிசியில் பேசிக்கிடம், பிசியில் பயாஸிடம். விண்டோஸ் வந்ததும் டிரைவரிடம் போய்விட்டது. எக்ஸ்பி வரை டர்போ சி கேட்டால் முழுத்திரையை விட்டுக்கொடுத்தது. விஸ்டாவில் வந்த புதுவகை டிஸ்பிளே டிரைவர்கள் அதை மறுத்துவிட்டன. ‘இந்த சிஸ்டம் ஃபுல்ஸ்கிரீன் மோடை ஆதரிக்காது’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது. 64-பிட் விண்டோஸில் அந்தப் பெட்டிகூட வராது, பழைய 16-பிட் புரோகிராமே ஏறாது. கிராபிக்ஸ் லேப் இருந்த இடங்களில் பிள்ளைகள் தவித்துப்போய், கடைசியில் பழைய டாஸ் பிசியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் டர்போ சி-யை வைத்து ஓட்டினார்கள்.

டாஸ்பாக்ஸ் நல்ல கருவி, இந்தக் கதையையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க அதுவே போதும். அதன் கான்ஃபிக் ஃபைலில் மெஷின் என்ற வரியில் சிஜிஏ, இஜிஏ, ஹெர்குலிஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அதே டர்போ சி வட்டத்தை ஓட்டிப் பாருங்கள். அட்டையைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் ‘டிடெக்ட்’ ஒவ்வொன்றிலும் வேறு மோடைத் தேர்ந்தெடுக்கும். ஹெர்குலிஸ் போட்டிருந்தால் எஃப்11-ஐ அழுத்த அழுத்தத் திரை வெள்ளை, பச்சை, ஆம்பர் என்று மாறும். என்னைக் கேட்டால் ஆம்பர்தான்.